நாங்கள் கற்ற புளூஸ் பியானோ

இசையில் உயர்ந்தது, தாழ்ந்தது என்னும் பாகுபாட்டைச் செவி அறியாது. அது மனிதர் மனத்தால் வகுத்துக்கொண்டது. அரண்மனையில் வளர்ந்த இசை உண்டு. ஆலயத்தில் வளர்ந்த இசை உண்டு. வயலிலும் காட்டிலும் வியர்வை சிந்திய மக்களின் வாயில் பிறந்து, பின்னர் உலகெங்கும் பரவிய இசையும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' அத்தகையது. அதனைப் பியானோவில் வாசிக்க இப்பள்ளியின் ஆசிரியர் மூவர் கற்றுக்கொண்ட வரலாற்றை, மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் தோட்டத்து அன்பர்களுக்கும் இவ்வாண்டு மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறோம்.

எங்களுள் ஒருவர் கணிதம் போதிப்பவர். ஒருவர் தமிழ் போதிப்பவர். மற்றொருவர் உடற்கல்வி ஆசிரியர். தமிழாசிரியருக்கு இளமையில் சிறிது வாய்ப்பாட்டுப் பயிற்சி உண்டு. மற்றபடி பியானோ என்பது மூவருக்கும் படத்தில் மட்டுமே கண்ட பொருள். பட்டணத்தில் வீடு மாறிச் சென்ற ஒரு குடும்பத்தினர் தங்கள் பழைய பியானோவைப் பள்ளிக்கு அன்பளிப்பாகத் தந்தனர். நூலகத்தின் மூலையில் அது வந்து அமர்ந்ததும், 'இதனை வாசிப்பவர் யார்?' என்னும் வினா எழுந்தது. பெற்ற பொருளைத் துணியால் மூடி வைப்பது தந்தவர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆகவே நாங்களே கற்பதென முடிவு செய்தோம். பட்டணத்து இசையாசிரியர் ஒருவர் சனிக்கிழமை மாலைதோறும் வந்து கற்பிக்க இசைந்தார்.

"எந்த இசையில் தொடங்கலாம்?" என்று கேட்டோம். "புளூஸில் தொடங்குவோம். மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தால் தொடங்கிவிடலாம். தொடங்கியபின் வாழ்நாள் முழுதும் கற்றாலும் தீராது. மேலும், இது உழைப்பாளிகளின் இசை. உங்கள் தோட்டத்துக்கு அந்நியமாக இராது" என்றார் அவர். அவர் கூறியதன் பொருள் முழுமையாக விளங்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் நாளன்று அவர் பியானோவைத் திறக்கவில்லை, வரலாற்றைத்தான் கூறினார். அமெரிக்காவில் அடிமை முறை 1865-ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற மக்களுக்கு நிலம் கிட்டவில்லை. பழைய முதலாளிகளின் பருத்தி நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டனர். விதையும் உணவும் கடனாக வாங்கி, அறுவடையில் கடனைக் கழித்து, மிச்சம் ஏதுமின்றி அடுத்த ஆண்டைத் தொடங்கியோர் பலர். அவர்கள் வேலை செய்யும்போது ஒருவர் முதலடியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர் அதனை வாங்கி மறுமொழியாகப் பாடுவர். கோடரியும் மண்வெட்டியும் அப்பாட்டின் தாளத்திற்கேற்ப உயர்ந்து தாழும். அத்தகைய பாடல்களும், வயலில் தனித்து நின்று எழுப்பும் நெடுங்குரலும், தேவாலயப் பாடல்களும் கலந்த மண்ணில்தான் புளூஸ் முளைத்தது.

டபிள்யூ. சி. ஹேண்டி என்னும் இசைவாணர் 1903-ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்து டட்வைலர் இரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தார். கந்தலுடுத்த ஒருவர் கத்தியைக் கிட்டார் நரம்பின்மேல் அழுத்தி வழுக்கியபடி, ஒரே அடியை மீண்டும் மீண்டும் பாடிக்கொண்டிருந்தார். அவ்வொலி தம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை எனத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஹேண்டி எழுதியுள்ளார். பாடியவரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. பிற்காலத்தில் ஹேண்டி 'மெம்ஃபிஸ் புளூஸ்' என்னும் இசையை 1912-லும், 'செயிண்ட் லூயிஸ் புளூஸ்' என்னும் பாடலை 1914-லும் அச்சிட்டு வெளியிட்டார். 1920-ஆம் ஆண்டில் மேமி ஸ்மித் என்னும் பாடகியார் பாடிய 'கிரேஸி புளூஸ்' இசைத்தட்டு வெளிவந்து பெரும் எண்ணிக்கையில் விற்பனையாயிற்று. அதன் பின்னரே இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பினக் கலைஞர்களை மிகுதியாகத் தேடிச் சென்றன. கேட்கும் செவியும் பதிந்து வைக்கும் கருவியும் வாய்த்ததனால் அவ்விசை நமக்குக் கிடைத்துள்ளது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

பியானோ வாசித்தோர் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. டெக்சாஸ், லூசியானா முதலிய மாநிலங்களின் காடுகளில் மரம் வெட்டும் முகாம்களும், தேவதாரு மரங்களைக் கீறிப் பிசின் எடுக்கும் முகாம்களும் இருந்தன. மரத்தைக் கீறிப் பால் எடுத்த நம் முன்னோர்க்கு அத்தொழிலின் பாடு தெரியும். வேலை முடிந்த இரவில் தொழிலாளர் கூடும் கொட்டகையில் சுருதி கலைந்த பழைய பியானோ ஒன்று இருக்கும். முகாம் முகாமாக இரயிலில் பயணம் செய்யும் வாத்தியக்காரர் அதனை வாசிப்பார். ஒலிபெருக்கி இல்லாக் காலம். கூட்டமோ ஆரவாரம் மிக்கது. ஆடுவோர் காதில் தாளம் விழவேண்டுமானால் இடக்கை இடிபோல் முழங்க வேண்டும். ஓடும் இரயிலின் சக்கர ஒலியையும் அவர்கள் இடக்கையில் கொண்டுவந்தனர். இவ்வகை வாசிப்பு 'பூகி வூகி' எனப் பெயர் பெற்றது.

அடுத்த சனிக்கிழமை பியானோ திறக்கப்பட்டது. அதில் 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. ஏழு வெள்ளையும் ஐந்து கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டைகளின் வரிசையே திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்திற்கு ஒட்டிய இடப்புறத்து வெள்ளைக் கட்டைக்கு 'சி' என்று பெயர். அதனைச் சட்சமாகக் கொண்டால், 'எஃப்' மத்திமம், 'ஜி' பஞ்சமம். புளூஸின் மூன்று சுரக்கூட்டுகளும் இம்மூன்றின்மேல் எழுபவை. ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்களைத்தான் சுரக்கூட்டு என்கிறோம். சட்சத்தின் கூட்டுக்கு சி, ஈ, ஜி ஆகிய மூன்று வெள்ளைக் கட்டைகளோடு, 'பி'க்கு இடப்புறமுள்ள கறுப்புக் கட்டையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த நான்காவது சுரம் சேர்ந்ததும், முடியாத வாக்கியம்போல் ஓர் ஏக்கம் பிறக்கிறது.

புளூஸின் வடிவம் மிக எளியது. நான்கு எண்ணிக்கை கொண்டது ஒரு கட்டம். பன்னிரண்டு கட்டங்கள் சேர்ந்தது ஒரு சுற்று. கணித ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் மூன்று வரிகளாக எழுதினார்:

சி – சி – சி – சி
எஃப் – எஃப் – சி – சி
ஜி – எஃப் – சி – சி

மொத்தம் 48 எண்ணிக்கை. நம் ஆதி தாளத்தை ஆறு முறை போட்டால் ஒரு சுற்று முடியும். சட்சமே வீடு, மத்திமம் அண்டை வீடு, பஞ்சமம் ஊர்க்கோடி. ஊர்க்கோடிவரை சென்றவர் அண்டை வீட்டு வாசலில் ஒரு கணம் நின்று, பின் வீடு திரும்புகிறார். மாணவர்கள் கை தட்டி எண்ணிக்கொண்டே இவ்வரிகளைச் சொல்லிப் பாருங்கள். பியானோ இல்லாமலே புளூஸின் எலும்புக்கூடு உங்கள் வசமாகிவிடும்.

இனித் தாளநடை. ஒவ்வோர் எண்ணிக்கையையும் 'தகிட' என மூன்றாகப் பகுத்து, முதலிரண்டையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதை மெல்லத் தொட வேண்டும்: 'தா–ட, தா–ட'. இதனை அவர்கள் 'ஷஃபில்' என்பர். நொண்டி விளையாட்டில் சிறுவர் தாவும் நடை இதுவே எனக் கூறி, எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வகுப்பறையைச் சுற்றித் தாவிக் காட்டினார். அதன்பின் அந்நடை மூவருக்கும் மறக்கவில்லை.

இடக்கைக்கு உரிய முதற்பாடம் இது: முதல் எண்ணிக்கையில் சட்சமும் பஞ்சமும் சேர்ந்து ஒலிக்கும், இரண்டாவதில் சட்சமும் தைவதமும், மூன்றாவதில் மீண்டும் பஞ்சமம், நான்காவதில் மீண்டும் தைவதம். சுண்டுவிரல் சட்சத்தில் நிலைத்திருக்க, மறுமுனை விரல்கள் மட்டும் அசையும். கட்டம் மாறும்போது கை முழுவதும் எஃபுக்கோ ஜிக்கோ இடம் பெயரும். கேட்பதற்கு எளிது, நிற்காமல் பத்துச் சுற்று வாசித்தால் முன்கை வலிக்கும். "வேகம் வேண்டா, நிமிடத்திற்கு 60 தட்டுப் போதும். இடக்கை உங்கள் நினைவின்றியே நடக்கும் நாள்வரை வலக்கையை மடியில் வைத்திருங்கள்" என்றார் ஆசிரியர். அந்த நாள் வர ஐந்து மாதங்கள் பிடித்தன. பரீட்சைத் தாள் திருத்தும்போதும், பேருந்தில் செல்லும்போதும் எங்கள் இடக்கை விரல்கள் தாமாகவே தொடையில் தாளமிட்டன. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி பொய்யன்று.

வலக்கைக்கு ஆறு சுரங்கள் கற்பிக்கப்பட்டன. நம் இசை வழக்கில் கூறினால்: சட்சம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சி-யிலிருந்து தொடங்கினால் வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என மாறி மாறி அமையும். நம் இராகங்களில் இரு மத்திமங்கள் அடுத்தடுத்து வருவது அரிது. புளூஸில் அந்த நெருக்கத்தில்தான் துயரம் ததும்புகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. புளூஸ் பாடகர் காந்தாரத்தைப் பாடும்போது, சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடைப்பட்ட ஓரிடத்தைத் தொடுவார். குரலுக்கு அது இயலும். நரம்பை வளைக்கும் கிட்டாருக்கும் இயலும். பியானோவின் கட்டைகளோ அசையாதவை. இடைப்பட்ட சுரம் அதில் இல்லை. ஆகவே பியானோ கலைஞர்கள் ஓர் உபாயம் கண்டனர். கறுப்புக் கட்டையை இலேசாகத் தொட்ட விரலை அப்படியே பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்கிவிடுவர். இடக்கைக் கூட்டில் அந்தர காந்தாரம் ஒலிக்கையில் வலக்கை சாதாரண காந்தாரத்தை உரசுவதும் உண்டு. நகைத்துக்கொண்டே அழுவது போன்ற அவ்வுரசலே புளூஸின் சுவை. கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு இது எளிதில் புலப்படும்.

இவ்வளவும் அடிப்படை. இதற்கு மேல்தான் மனோதர்மம். எழுதி வைக்காததை அந்தக் கணத்தில் கற்பித்து வாசித்தல். நாங்கள் இதனை எண்ணி அஞ்சினோம். கற்பனை வளம் பிறவியிலேயே அமைய வேண்டும் என்று கருதியிருந்தோம். எங்கள் ஆசிரியரோ ஒரே ஒரு சுரத்தைத் தந்தார். "இந்தச் சட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு கட்டங்களை வாசியுங்கள்" என்றார். ஒரே சுரத்தில் என்ன கூற இயலும்? நீட்டலாம்; குறுக்கலாம்; மெல்லத் தொடலாம்; ஓங்கி ஒலிக்கலாம்; இரண்டு கட்டங்கள் மௌனமாய் இருந்து, எதிர்பாராத இடத்தில் ஒருமுறை தட்டலாம். அடுத்த வாரம் இரண்டு சுரங்கள். அதற்கடுத்த வாரம் மூன்று. ஆறு சுரங்களும் கைக்கு வந்தபோது, சுரங்கள் பற்றாது என்னும் கவலை நீங்கிவிட்டது.

பின்னர் அவர் புளூஸ் பாட்டின் அமைப்பை விளக்கினார். முதல் வரியில் பாடகர் தம் குறையைக் கூறுவார். இரண்டாம் வரியில் அதனையே மீண்டும் கூறுவார். மூன்றாம் வரியில் அதற்கொரு முடிவு கூறுவார். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டங்கள். அவற்றுள் ஏறத்தாழ முதலிரண்டு கட்டங்களே பாட்டுக்கு. எஞ்சியவை வாத்தியத்தின் மறுமொழிக்கு. "கூட்டத்தில் பேசுவது போலவே இதுவும். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள், அவர் சொன்னதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு உங்கள் விடையைக் கூறுங்கள்" என்றார். எங்களுள் ஒருவர் இரண்டு கட்டங்கள் வாசிக்க, மற்றொருவர் அடுத்த இரண்டில் விடை கூறினார். மூன்றாமவர் இடக்கைத் தாளத்தைக் காத்தார். ஒரே பியானோவின் முன் மூவர் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்த அம்மாலைப் பொழுதுகளில்தான், மனோதர்மம் என்பது வானத்திலிருந்து விழும் வரமன்று, செவிமடுத்தவன் கூறும் மறுமொழியே என்று உணர்ந்தோம்.

முன்னோடிகளின் இசைப்பதிவுகளையும் அவ்வாறே பலமுறை கேட்டோம். பைன்டாப் ஸ்மித் 1928-இல் பதிவு செய்த 'பூகி வூகி', மீட் லக்ஸ் லூயிஸ் 1927-இல் முதலில் பதிவு செய்த இரயில் இசை, ஜிம்மி யான்சியின் அமைதியான வாசிப்பு ஆகியவற்றில் நான்கு கட்டங்களைக் கேட்டு, நிறுத்தி, பாடிப் பார்த்து, பின் கட்டையில் தேடினோம். இவர்கள் மாளிகைவாசிகள் அல்லர். லூயிஸும் அவர் நண்பர் ஆல்பர்ட் அம்மன்ஸும் சிகாகோ நகரில் வாடகைக் கார் ஓட்டியவர்கள். யான்சி பேஸ்பால் விளையாட்டரங்கில் திடல் பராமரிப்பாளராக 25 ஆண்டுகள் பணியாற்றியவர். எச்சுருதியில் வாசிக்கத் தொடங்கினாலும் 'ஈ ஃப்ளாட்' என்னும் சுருதியில் முடிப்பது அவர் தனி வழக்கம். கேட்டவுடன் யான்சி என்று தெரிந்துவிடும். 1938 டிசம்பர் 23-ஆம் நாள் நியூயார்க்கின் புகழ்மிக்க கார்னகி மண்டபத்தில் அம்மன்ஸ், லூயிஸ், பீட் ஜான்சன் ஆகிய மூவரும் பூகி வூகி வாசித்தனர். காட்டு முகாமின் இசை மாமன்றம் ஏறியது.

இவ்வாறு நாங்கள் பழகிவந்த நாள்களில், பேரனை அழைத்துப்போக வரும் பெரியவர் ஒருவர் நூலகச் சன்னலோரம் நின்று கேட்பது வழக்கமாயிற்று. பால்மரக் காலத்தில் வெட்டுத் தொழிலாளியாய் இருந்தவர் அவர். ஒருநாள் உள்ளே அழைத்து அமரச் செய்தோம்.

"வாத்தியாரய்யா, இது நம்ம பொம்பளையாளுங்க களை எடுக்கறப்போ பாடுவாங்களே, அந்த மாதிரி இருக்குதுங்களே" என்றார்.

"அப்படியா தாத்தா? எங்கே, ஒன்று பாடுங்களேன்."

"நான் எங்கய்யா பாடறது? எங்க வீட்டுக்காரி நல்லாப் பாடுவா. ஒருத்தி எடுத்துக் குடுப்பா; மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. அவ போயி ஒம்பது வருசமாச்சு. எனக்கு ரெண்டு அடிதான் ஞாபகம் இருக்கு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எடுத்துக் கொடுப்பதும் வாங்கிப் பாடுவதும் என்று இத்தனை மாதங்களாய்ப் படித்தது, நம் தோட்டத்துக் களைக்காட்டிலேயே இருந்திருக்கிறது. அதனைப் பாடிய அம்மையாரின் குரலை எவரும் பதிந்து வைக்கவில்லை. பேரன் அருகில் நின்றுகொண்டிருந்தான். தன் பாட்டி பாடுவார் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பெரியவர் தயங்கித் தயங்கி அவ்விரண்டு அடிகளைப் பாடினார். அது பன்னிரண்டு கட்டங்களுக்குள் அடங்கவில்லை. அடக்கவும் நாங்கள் முயலவில்லை. அது புளூஸ் அன்று, அது நம்முடையது. கணித ஆசிரியர் இடக்கையால் சட்சத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் 'தகிட' நடையில் மெல்லத் தட்டினார். பெரியவர் ஓரடி பாடி நிறுத்தியபோது, தமிழாசிரியர் அவ்வடியின் கடைசி மூன்று சுரங்களை எடுத்து வலக்கையில் விடையாக வாசித்தார். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த அடியைச் சற்று ஓங்கிப் பாடினார். நான்காம் முறை பேரனும் சேர்ந்துகொண்டான். தாளில் எழுதப்படாத ஒன்றை நாங்கள் அச்சமின்றி வாசித்தது அன்றுதான் முதன்முறை. இசையாசிரியர் இருந்திருந்தால் அதற்கே மதிப்பெண் இட்டிருப்பார்.

அன்பார்ந்த மாணவர்களே! பியானோ கற்க விழைவோர் தயங்காதீர்கள். 61 கட்டைகள் கொண்ட எளிய மின்விசைப் பலகையே தொடக்கத்திற்குப் போதும். நாள்தோறும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். தாளத்தை முதலில் காத்துக்கொள்ளுங்கள். சுரங்களைக் குறைவாக எடுத்து நிறைவாகப் பயன்படுத்துங்கள். வாசிப்பதைவிட மிகுதியாகக் கேளுங்கள். பள்ளிப் பியானோ திங்கள், புதன் மாலைகளில் உங்களுக்காகத் திறந்திருக்கும்.

பெற்றோர்களே! 'பாட்டு சோறு போடுமா?' என்று நீங்கள் கேட்பது நியாயமே. வாடகைக் கார் ஓட்டிக்கொண்டும், திடல் பராமரித்துக்கொண்டும் வாசித்தவர்களின் இசையே இன்று உலகெங்கும் கேட்கப்படுகிறது. தொழில் ஒரு கையாயின் கலை மறு கை. இரண்டும் சேர்ந்தே இயங்கலாம்.

தோட்டத்துப் பெரியோர்களே! உங்கள் தாலாட்டும், களையெடுப்புப் பாட்டும், ஒப்பாரியும் அற்பமானவை என்று எண்ணிவிடாதீர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; லயங்களை விட்டுப் பிள்ளைகள் பட்டணம் சென்றனர். பாட்டும் அவர்களுக்குத் தெரியாமலே போய்விடலாகாது. இன்று வீடுதோறும் கைத்தொலைபேசி உண்டு. அதில் குரலைப் பதியும் வசதியும் உண்டு. இவ்விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் தாத்தா அல்லது பாட்டியிடம் ஒரு பாட்டைக் கேட்டுப் பதிந்து வாருங்கள். பாடியவர் பெயரையும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரையும் மறவாது எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் எடுத்துக் கொடுக்கட்டும். நாம் வாங்கிப் பாடுவோம்.